ரெயில்ஸில் உள்ளமைந்த உலாவிச் சோதனை: நெல்லைப் பக்கத்துக் கடைகளுக்கு ஒத்துவருமா?

வலைத்தளங்களைக் கட்டுவதற்கான ஆயத்த அடித்தளமான (ஃபிரேம்வொர்க்) ரூபி ஆன் ரெயில்ஸின் 7.2 பதிப்பு 2024 ஆகஸ்டில் வெளிவந்ததிலிருந்து, புதிதாகத் தொடங்கப்படும் ஒவ்வொரு வலைத்தளத் திட்டத்தின் முதன்மைக் கன்ட்ரோலரிலும் (தளத்துக்கு வரும் கோரிக்கைகளைக் கையாளும் நிரல் பகுதி) ஒரு வரி தானாகவே எழுதப்பட்டு வருகிறது. ‘அலோ பிரவுசர், வெர்ஷன்ஸ்: மாடர்ன்’ என்பது அந்த வரி; நவீன உலாவிகளை மட்டும் உள்ளே விடு என்று பொருள். அதே ஆண்டு நவம்பரில் வந்த ரெயில்ஸ் 8 இலும் அது அப்படியே தொடர்கிறது. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, அல்வாக் கடை, அப்பளக் கம்பெனி, பத்தமடைப் பாய் வியாபாரம் போன்றவற்றுக்கு ஆர்டர் எடுக்கும் தளங்களைச் செய்து கொடுப்பது என் தொழில் என்பதால், இந்த வரியை அந்தக் கடைகளின் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து பார்த்து மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உலாவியின் பெயரையும் பதிப்பையும் படித்துச் சொல்லும் திறன் ஃபிரேம்வொர்க்கில் இருக்க வேண்டும்; அதைக் கொண்டு ஆளை வெளியே நிறுத்தும் வேலை, தளம் செய்பவர் கேட்காமல் தானாக நடக்கக் கூடாது.

முதலில் இந்த வசதி என்ன செய்கிறது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒருவர் தளத்தைத் திறக்கும்போது, அவருடைய உலாவி ‘யூசர் ஏஜென்ட்’ என்ற தலைப்பில் தன்னைப் பற்றிய ஒரு நீண்ட எழுத்துச் சரத்தை அனுப்புகிறது. ரெயில்ஸ் அந்தச் சரத்தைப் பிரித்துப் படித்து, குரோம் என்றால் 120, ஃபயர்ஃபாக்ஸ் என்றால் 121, சஃபாரி என்றால் 17.2, ஓபரா என்றால் 106 என்ற குறைந்தபட்சப் பதிப்புகளோடு ஒப்பிடுகிறது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு எந்தப் பதிப்பிலும் அனுமதி இல்லை. பதிப்பு குறைவாக இருந்தால், 406 என்ற நிலை எண்ணோடு, உங்கள் உலாவிக்கு ஆதரவில்லை, மேம்படுத்திக்கொண்டு வாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லும் ஒரு தனிப் பக்கம் வந்து நிற்கும். பட்டியலில் பெயரில்லாத உலாவிகள், யூசர் ஏஜென்ட் அனுப்பாதவை, தேடுபொறிகளின் ரோபோக்கள் ஆகியவை தடையின்றி உள்ளே போகலாம். குறிப்பிட்ட பக்கங்களுக்கு மட்டும் சோதனை வைக்கவும், பதிப்பு எண்களை நாமே தரவும், தடுக்கும்போது என்ன காட்ட வேண்டும் என்பதை மாற்றவும் வழி உண்டு. தடுக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஓர் உள் அறிவிப்பு எழுப்பப்படுவதால், விருப்பமிருந்தால் அதைப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளலாம். நிரல் சிறியது, தெளிவானது. படித்துப் பார்த்தால் யாருக்கும் புரியும். ஒரு மென்பொருள் வசதியாக இது நன்றாகவே கட்டப்பட்டிருக்கிறது.

என் மறுப்பு அந்தப் பதிப்பு எண்களிலும், அவை தானாக அமர்ந்துகொள்வதிலும்தான் இருக்கிறது. குரோம் 120, ஃபயர்ஃபாக்ஸ் 121, சஃபாரி 17.2 ஆகிய மூன்றும் 2023 டிசம்பரில் வந்தவை. அதாவது ரெயில்ஸ் 7.2 வெளிவந்த நாளில், எட்டே மாதம் பழைய உலாவி வரைக்கும்தான் இந்த வரி இடம் கொடுத்தது. மாதந்தோறும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் கணினிகள் மட்டுமே இருக்கும் ஊரில் இதனால் ஒரு தொல்லையும் இராது. நம் பக்கத்து நிலைமை வேறு.

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளிலும், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, வீரவநல்லூர்ப் பக்கத்து பிரவுசிங் சென்டர்களிலும் விண்டோஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2011 இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய பெட்டிகளும் பல வீடுகளில் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. விண்டோஸ் 7 இல் குரோம் கடைசியாக எட்டிய பதிப்பு, 2023 ஜனவரியில் வந்த 109. அதற்கு மேல் அங்கே ஏறாது. ஃபயர்ஃபாக்ஸும் அந்த இயங்குதளத்தில் நீண்டகால ஆதரவுப் பதிப்பான 115 உடன் நின்றுவிடும். இரண்டும் ரெயில்ஸின் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. ஆகவே ‘மேம்படுத்திக்கொண்டு வாருங்கள்’ என்று அந்தப் பக்கம் சொல்வது, விண்டோஸ் 7 வைத்திருப்பவரிடம் வேறு கணினி வாங்கி வாருங்கள் என்று சொல்வதாகவே முடிகிறது.

கைபேசியிலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டு 7 இல் குரோமின் கடைசிப் பதிப்பு 119. ஒரே ஓர் எண் வித்தியாசத்தில் அந்தக் கைபேசிகள் அனைத்தும் வெளியே நிற்கின்றன. ஐபோன் 8, ஐபோன் எக்ஸ் ஆகியவை ஐஓஎஸ் 16 உடன் நின்றுவிட்டன, சஃபாரி 17.2 க்கு ஐஓஎஸ் 17 வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் புதுப் போன் வாங்கியதும் பழைய ஐபோனை ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கொடுத்துவிடுவது நம்மிடையே சாதாரண வழக்கம். கல்யாணச் சீருக்குப் பட்டுப் பாய் எடுக்க விலை பார்ப்பவரும், பேரப்பிள்ளை பிறந்தநாளுக்கு அல்வா அனுப்பச் சொல்பவரும் அந்தப் போனை வைத்திருப்பவர்கள்தாம். பணம் கையில் இருக்கிறது, வாங்கும் விருப்பமும் இருக்கிறது; தடையாக இருப்பது கன்ட்ரோலரில் யாரோ முன்கூட்டி எழுதி வைத்த ஓர் எண்.

இந்த வசதியைச் சோதிப்பதற்காக, ரெயில்ஸ் கொடுத்தபடியே எந்த மாற்றமும் செய்யாத ஒரு மாதிரித் தளத்தை, ஒரு பிரவுசிங் சென்டரில் விண்டோஸ் 7 கணினியில் குரோம் 109 கொண்டு திறந்து பார்த்தேன். பாயின் படம் இல்லை, விலை இல்லை, கடையின் பெயர்கூட இல்லை. வெள்ளைப் பக்கத்தின் நடுவில் ஆங்கில வாசகம் மட்டும் இருந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சென்டர்க்கார அண்ணாச்சி, “மத்த சைட்டெல்லாம் தொறக்கு, இது மட்டும் ஏன் தம்பி தொறக்க மாட்டேங்கு?” என்று கேட்டார். சரியான கேள்வி அதுதான். அதே கணினியில் அதே உலாவியில் வங்கித் தளம் திறக்கிறது, ரயில் டிக்கெட் எடுக்க முடிகிறது, பரீட்சை முடிவு பார்க்க முடிகிறது. ஒரு பாய்க்கடைத் தளம் மட்டும் அதைவிட உயர்ந்த உலாவியைக் கேட்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

ரெயில்ஸ் தரும் காரணம் அந்த வரிக்கு மேலேயே குறிப்பாக எழுதப்பட்டிருக்கிறது: வெப்பி வகைப் படங்கள், வெப் புஷ் (தளம் அனுப்பும் அறிவிப்புகள்), பேட்ஜ், இம்போர்ட் மேப் (ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைப் பெயர் சொல்லி இணைக்கும் பட்டியல்), பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் நடைத்தாள் மொழியான சிஎஸ்எஸ்ஸின் நெஸ்டிங், அதன் ‘ஹேஸ்’ தேர்வி (உள்ளே இருப்பதைக் கொண்டு ஓர் உறுப்பைத் தேர்வது) ஆகியவற்றை ஆதரிக்கும் நவீன உலாவிகளுக்கு மட்டும் அனுமதி. இந்தப் பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் காரணம் வலுவிழந்துவிடுகிறது. வெப்பி படங்களைக் குரோம் பல ஆண்டுகளாகவே காட்டி வருகிறது. இம்போர்ட் மேப் 2021 இல் வந்த குரோம் 89 இலேயே உண்டு. ஹேஸ் தேர்வி 2022 ஆகஸ்டில் குரோம் 105 உடன் வந்துவிட்டது. ஆக, விண்டோஸ் 7 இல் நிற்கும் குரோம் 109 க்கு இந்தப் பட்டியலில் முக்கியமாக இல்லாதது நெஸ்டிங் ஒன்றுதான். அது 112 இல் வந்து, இன்னும் தளர்வான எழுத்துமுறையோடு 120 இல் நிறைவு பெற்றது. நெஸ்டிங் என்பது நடைத்தாளை ஒன்றுக்குள் ஒன்றாக எழுத உதவும், எழுதுபவருக்கான ஒரு சௌகரியம். சாஸ் போன்ற கருவி அதைத் தட்டையான சிஎஸ்எஸ்ஸாக மாற்றித் தந்துவிடும். பல ஆண்டுகளாக நாம் அப்படித்தான் செய்து வருகிறோம். எழுதுபவரின் சௌகரியத்துக்காக வாங்குபவரைத் திருப்பி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பட்டியலின் மறுபக்கமும் பொருந்தவில்லை. பேட்ஜ் வசதி, அதாவது செயலியின் படவுருவின் மேல் எண் காட்டும் வசதி, ஃபயர்ஃபாக்ஸ் 121 இல் இல்லவே இல்லை. ஆனாலும் அந்த உலாவிக்கு அனுமதி கிடைக்கிறது. பெயரும் எண்ணும் திறமைக்குச் சான்றாக மாட்டா என்பதை இந்தப் பட்டியலே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பெயரைப் பார்த்துத் திறனை ஊகிக்கும் இந்த வழக்கம் வலை உலகில் பலமுறை சறுக்கியிருக்கிறது. இன்றைக்கும் எல்லா முக்கிய உலாவிகளின் யூசர் ஏஜென்ட் சரமும் ‘மொஸில்லா/5.0’ என்றே தொடங்குவதும், குரோமின் சரத்தில் சஃபாரியின் பெயரும், எட்ஜின் சரத்தில் குரோம், சஃபாரி இரண்டின் பெயர்களும் இருப்பதும் இதன் விளைவே. ஒரு தளம் ஒரு பெயருக்கு மட்டும் நல்ல பக்கத்தைக் கொடுத்தபோது, அடுத்து வந்த உலாவிகள் அந்தப் பெயரையும் தம்மோடு சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 2009 இல் ஓபரா 10 வரவிருந்தபோது, இரண்டு இலக்க எண்ணைப் படிக்கத் தெரியாத தளங்கள் அதைப் பதிப்பு 1 என்று எடுத்துக்கொண்டதால், ஓபரா தன் சரத்தின் தொடக்கத்தில் 9.80 என்றே எழுதி, உண்மையான எண்ணைக் கடைசியில் ஒளித்து வைத்தது. பிறகு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10 வந்தபோது, உலாவிப் பட்டியலைத் தனக்குள்ளேயே வைத்திருந்த மைக்ரோசாஃப்டின் ஃபிரேம்வொர்க்கான ஏஎஸ்பி டாட் நெட் அதை அடையாளம் காணாமல், ஜாவாஸ்கிரிப்ட் தெரியாத ஏதோ ஒன்று என்று முடிவு கட்டியது. படிவங்கள் வேலை செய்யாமல் போக, மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. உலாவியையும் ஃபிரேம்வொர்க்கையும் ஒரே நிறுவனம் செய்தபோதே இந்த நிலை என்பதைக் கவனிக்க வேண்டும். ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் தன்னிடமிருந்த உலாவி கண்டறியும் வசதியை 2009 இல் 1.3 பதிப்பிலேயே கைவிடத்தக்கது என்று அறிவித்து, 2013 இல் 1.9 இல் நீக்கியேவிட்டது. உலாவியின் பெயரைக் கேட்காதே, வேண்டிய வசதி இருக்கிறதா என்று சோதித்துப் பார் என்பதே அப்போது சொல்லப்பட்ட அறிவுரை.

இப்போது அந்தச் சரமும் மெலிந்துகொண்டே வருகிறது. 2023 இல் வந்த குரோம் 110 முதல், எந்த ஆண்ட்ராய்டு கைபேசியில் இருந்து வந்தாலும் ‘ஆண்ட்ராய்டு 10, கே’ என்ற ஒரே அடையாளம்தான் வருகிறது, உண்மையான மாடலும் ஆண்ட்ராய்டு பதிப்பும் மறைக்கப்படுகின்றன. 2019 இல் ஐபேட்ஓஎஸ் 13 வந்ததிலிருந்து, ஐபேடில் உள்ள சஃபாரி தன்னை மேக் கணினி என்றே சொல்லிக்கொள்கிறது. தனியுரிமையைக் காக்க இவை நல்ல மாற்றங்கள்தாம். ஆனால் சரத்தை நம்பி முடிவெடுக்கும் நிரலுக்கு, கிடைக்கும் தகவல் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது.

இங்கே கோட்இக்னைட்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. நம் பக்கத்தில் பிஎச்பி படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகள் பலரும் முதலில் தொடும் ஃபிரேம்வொர்க் அது. அதிலும் யூசர் ஏஜென்டைப் படிக்கும் வகுப்பு தொடக்க காலத்திலிருந்தே உண்டு. உலாவியா, ரோபோவா, கைபேசியா என்று கேட்டால் சொல்லும். பெயர், பதிப்பு, இயங்குதளம் ஆகியவற்றையும் தரும். ஆனால் தானாக யாரையும் தடுக்காது. ரெயில்ஸைவிட இந்த இடத்தில் அதன் அணுகுமுறை எனக்குப் பிடித்திருக்கிறது. அதன் கான்ஃபிக் கோப்பைத் திறந்து பார்த்தால், இந்த வேலை எவ்வளவு கடினமானது என்பதும் கண்கூடாகத் தெரியும். பட்டியலின் வரிசையை மாற்றக் கூடாது என்ற எச்சரிக்கை அங்கே இருக்கிறது. காரணம், பல உலாவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை அனுப்புவதால், உட்பிரிவை முதலில் கண்டுகொண்டாக வேண்டும். எட்ஜின் பழைய தலைமுறைக்கு, மைக்ரோசாஃப்ட் அதை உருவாக்கும்போது வைத்திருந்த ‘ஸ்பார்ட்டன்’ என்ற பெயரே இன்றும் நிற்கிறது. 2011 இல் மூடப்பட்ட ஃபிளாக் உலாவிக்கும் ஒரு வரி இருக்கிறது. பழைய ஊர் வாக்காளர் பட்டியல்போல, போனவர்கள் பெயர் நீங்காமல், புதிதாக வந்தவர்கள் பெயர் ஏறாமல் இருப்பது இத்தகைய பட்டியல்களின் இயல்பு. ஃபிரேம்வொர்க்கைப் புதுப்பித்தால்தான் பட்டியலும் புதுப்பிக்கப்படும். கடைக்காரர்களின் தளங்கள் ஒருமுறை ஏற்றப்பட்டபின் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பவை.

அப்படியானால் இந்த வசதியை ஜேக்வெரி செய்ததுபோல ஃபிரேம்வொர்க்கிலிருந்து எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். எடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. அதற்கு எங்கள் தொழிலிலேயே வலுவான உதாரணம் உண்டு. 2020 இல் குரோம் 80 வந்தபோது, வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி (ஆளை அடையாளம் காணத் தளம் உலாவியில் சேமித்து வைக்கும் சிறு குறிப்பு) வர வேண்டுமானால் ‘சேம்சைட்: நன்’ என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வரத் தொடங்கியது. பணம் செலுத்தும் கேட்வே, வேலை முடிந்ததும் வாடிக்கையாளரைப் போஸ்ட் முறையில் நம் தளத்துக்குத் திருப்பி அனுப்பும்போது, குக்கி வராவிட்டால் லாகின் போய்விடும்; பணம் கட்டியவருக்குத் தன் ஆர்டர் எங்கே போனது என்றே தெரியாது. ஆகவே அந்தக் குறியைச் சேர்த்தாக வேண்டும். ஆனால் ஐஓஎஸ் 12 இல் இருந்த சஃபாரி அதே குறியைத் தவறாகப் புரிந்துகொண்டு, இன்னும் கடுமையான தடையாக எடுத்துக்கொண்டது. குரோம் 51 முதல் 66 வரையுள்ள பதிப்புகளோ அந்தக் குக்கியையே நிராகரித்தன. ஒரு சாராருக்குக் குறி வேண்டும், மறு சாராருக்குக் குறி ஆகாது. குக்கியை அனுப்புவது சர்வர். பக்கத்தில் உள்ள எந்த ஜாவாஸ்கிரிப்டும் ஓடுவதற்கு முன்பே அந்த முடிவை எடுத்தாக வேண்டும். வசதி இருக்கிறதா என்று உலாவியிடமே சோதித்துப் பார்க்கும் நல்ல வழி இங்கே திறந்திருக்கவில்லை. யூசர் ஏஜென்டைப் படித்து முடிவெடுப்பதே இங்கே நேரான வழி.

இத்தகைய இடங்களுக்காகத்தான் கண்டறியும் திறன் உள்ளேயே இருக்க வேண்டும் என்கிறேன். அது இல்லாவிட்டால், ஒவ்வொருவரும் அவசரத்தில் தாமே ஒரு தேடல் கோவையை எழுதி வைப்பார்கள். ‘சஃபாரி’ என்ற சொல்லைத் தேடி, குரோமையும் சேர்த்துப் பிடித்துவிடுவார்கள். பலர் பார்த்துச் செப்பனிட்ட ஒரே நிரல் ஒரே இடத்தில் இருப்பது அதைவிட எவ்வளவோ மேல். ரோபோக்களை வாடிக்கையாளர் கணக்கில் சேர்க்காமல் பிரிப்பதற்கும், எந்த உலாவியில் பிழை எழுகிறது என்று பதிவேட்டில் குறிப்பதற்கும் இது நன்றாகவே உதவுகிறது.

பழைய உலாவிக்குப் பாதுகாப்பு இல்லை, ஆகவே தடுப்பதுதான் நல்லது என்ற வாதமும் வைக்கப்படுகிறது. அதில் உண்மை உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத உலாவியில் பணம் கட்டுவது ஆபத்துதான், அதை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியது நம் கடமையும்கூட. ஆனால் பாயின் அளவையும் விலையையும் பார்க்க வந்தவரை முதல் பக்கத்திலேயே நிறுத்துவதால் அவருடைய கணினி பாதுகாப்பானதாக ஆகிவிடாது. பக்கத்தின் மேலே தமிழில் ஒரு வரி எச்சரிக்கை காட்டி, பணம் கட்டும்போது கடைக்குப் போன் செய்தோ, பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுக்கும் முறையிலோ வாங்கலாம் என்று வழி காட்டுவதே முறை.

ரெயில்ஸில் தளம் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. முதன்மைக் கன்ட்ரோலரில் வந்திருக்கும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். நடைத்தாளில் புதிய வசதி எதையாவது பயன்படுத்தினால், ‘சப்போர்ட்ஸ்’ விதிக்குள் வைத்து எழுதுங்கள். தெரிந்த உலாவி எடுத்துக்கொள்ளும், தெரியாதது விட்டுவிடும். படங்களுக்கு ‘பிக்சர்’ உறுப்பைப் பயன்படுத்தி, வெப்பியோடு ஜேபெக் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். கடைக்காரர் சரக்கு இருப்பைப் பார்க்கும் நிர்வாகப் பக்கம் போன்ற இடங்களில் உண்மையிலேயே புதிய உலாவி வேண்டுமென்றால், அந்தக் கன்ட்ரோலரில் மட்டும் சோதனையை வையுங்கள். ‘மாடர்ன்’ என்ற தொகுப்பைக் கொடுக்காமல், குரோம் 109, ஃபயர்ஃபாக்ஸ் 115 என்று எண்களை நீங்களே கொடுங்கள். தடுக்கப்படும்போது எழும் அறிவிப்பை முதல் நாளிலிருந்தே பதிவேட்டில் சேர்த்து, மாதம் ஒருமுறை கடைக்காரரிடம் காட்டுங்கள். எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று பார்த்து எண்ணை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது. 406 பக்கத்தை அப்படியே விட்டுவிடாமல் தமிழில் எழுதி, அதில் கடையின் பெயரையும், தொலைபேசி எண்ணையும், வாட்ஸ்அப்பில் ஆர்டர் கொடுக்கும் இணைப்பையும் சேர்த்துவிடுங்கள்.